டிவி ஏன் அலறுகிறது?

அன்புள்ள ஐயா,

அப்பா காலமானபின் அம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பை செம்பூருக்கு அழைத்து வந்துவிட்டோம். வயது 76. ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் யாரோடும் ஒட்டுவதில்லை. சாப்பிடும்போது நாங்கள் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறாள். சித்தியோடு போனில் பேசுவதும் நின்றுவிட்டது. டிவி மட்டும் பக்கத்து ஃபிளாட் வரைக்கும் அலறுகிறது. இந்தி தெரியாததால் வந்த தனிமையா? ஊருக்கே அனுப்பிவிடலாமா?

ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

இந்தியை விடுங்கள். இந்தியில் நாலு வார்த்தைகூட இல்லாமல் மாட்டுங்காவில் காலம் தள்ளிய பாட்டிகளை எனக்குத் தெரியும். ஊருக்கு அனுப்புவதை அப்புறம் பார்க்கலாம்.

பதிலை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேள்வி கேட்கிறீர்கள். டிவி அலறுகிறது, போன் வேண்டாம், ஒன்று கேட்டால் இன்னொன்று. உங்கள் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. சர்க்கரை, பிரஷர், கண்புரை எல்லாம் பார்த்திருப்பீர்கள். காது என்றால் மட்டும் ‘வயசானா அப்படித்தான்’. ஏன் அப்படி?

காலிங் பெல் அடித்தால் திரும்புகிறாளே என்பீர்கள். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற, மெல்லிய ஒலிகள். ச, த, ப எல்லாம் கரைந்துபோகும். ஆ, ஓ நிற்கும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் நடுவே மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்கவே வேண்டாம். போனிலோ உதட்டைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. ஊரில் அப்பாதான் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். அதனால் உங்கள் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

என் பெரியப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாலையானால் மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குப் போய்விட்டு, வெளியே நண்பர்களோடு நின்று அரட்டை. யாராவது ஜோக் அடித்தால் மற்றவர்கள் சிரித்த பிறகு இவர் சிரிப்பார். ஒருநாள் போவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் ‘மனுஷனுக்கு விரக்தி’ என்றார்கள், ஜாதகம்கூடப் பார்த்தார்கள். மருமகள்தான் காது டெஸ்டுக்கு இழுத்துப்போனாள். காதில் மாட்டும் மெஷின் வந்தது. எவர்சில்வர் தட்டை யாராவது வைத்தால் துள்ளினார். நாலே நாளில் அது மூக்குப்பொடி டப்பாவோடு டிராயருக்குள் போய்விட்டது.

பெரும்பாலான வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். பணம் தண்டம் என்று பெருமூச்சு விடுவார்கள். வருஷக்கணக்கில் கேட்காமலிருந்த சத்தம் திடீரென்று வந்தால் மூளை தடுமாறத்தான் செய்யும், பழக வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பெண் விடவில்லை. காலையில் எதிரே உட்கார்ந்து பேப்பர் வாசிப்பாள், அவ்வளவு நேரம் மட்டும் மெஷின். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். பெரியப்பா மறுபடி கோயிலுக்குப் போய், பழைய நண்பரோடு அரசியல் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று ஈஎன்டி டாக்டரிடம் காட்டுங்கள். பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. செவித்திறனுக்கென்றே மத்திய அரசு நடத்துவது. தள்ளிப்போடாதீர்கள். 2020இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, மறதிநோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிற, நம்மால் மாற்றக்கூடிய 12 காரணிகளைச் சொன்னபோது, கேள்திறன் குறைவையும் அதில் சேர்த்தது.

அப்பா போன துக்கத்தை எந்த மெஷினும் தீர்க்காது. அது அம்மாவுடையது, இருக்கட்டும். ஆனால் சாப்பிடும்போது டிவியை அணைத்துவிட்டு அவர் முகத்துக்கு எதிரே உட்காருங்கள். கத்தாமல், நிறுத்திப் பேசுங்கள். “என்னடி சொன்னே?” என்று அவர் கேட்டால், தயவுசெய்து “ஒண்ணுமில்லே, விடும்மா” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதை, கேட்கத் தொடங்கிய பிறகு அவரிடமே கேளுங்கள்.