கேள்வி – பதில்: வீட்டு வன்முறையை எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி (வாசகி, சாவகச்சேரி): லண்டனில் வீட்டு வன்முறைக் கணக்கெடுக்கும்போது அரச புள்ளிவிபர அலுவலகம் தொண்டு நிறுவனங்களையும் கேட்டுத்தான் செய்கிறதாம். மகள் சொன்னாள். பொலிஸ் பதிவு இருக்கும்போது தொண்டு நிறுவனம் எதற்கு?

பதில்: 2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸார் பதிந்த வீட்டு வன்முறைக் குற்றங்கள் ஏறத்தாழ 8.5 இலட்சம். வீடு வீடாகப் போய் நடத்தும் குற்ற ஆய்வோ அதே ஆண்டில் 23 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. பெண்கள் 16 இலட்சம், ஆண்கள் 7 இலட்சத்துக்குச் சற்று மேல். முன்னது குற்றங்களின் எண்ணிக்கை, பின்னது ஆட்களின் எண்ணிக்கை. ஆகவே ஒன்றை மற்றதால் வகுத்துச் சதவீதம் எடுக்க வேண்டாம். பொலிஸ் படியேறாதவர்கள் ஏராளம் என்பதை மட்டும் அதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

அந்த ஆய்விலும் ஓட்டை உண்டு. அது வீடுகளுக்குத்தான் போகும். வீட்டை விட்டு ஓடிப் பாதுகாப்பு இல்லத்தில் இருப்பவள், அதாவது மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவள், ஆய்வுக்குத் தெரிவாகும் மாதிரிக்குள் வரவேமாட்டாள். அந்த இடத்தை நிரப்பத்தான் தொண்டு நிறுவனங்களின் பதிவுகள். விமன்ஸ் எயிட் அமைப்பின் பாதுகாப்பு இல்லத் தரவு, ரெஃபியூஜ் அமைப்பு நடத்தும் தேசிய உதவி இலக்கத்துக்கு வந்த அழைப்புகள் போன்றவை ஆண்டுதோறும் நவம்பரில் வரும் தொகுப்பில் அரச எண்களுக்குப் பக்கத்தில் வைக்கப்படும். பக்கத்தில்தான், ஒன்றோடொன்று கூட்டுவதில்லை.

தரவு தருவதை விடக் கேள்விகளை வடிவமைப்பதில்தான் இவர்களின் பங்கு பெரிது என்பது எங்கள் எண்ணம். 'நீங்கள் வன்முறைக்கு ஆளானீர்களா?' என்று கேட்டால் பெரும்பாலானோர் இல்லை என்பார்கள். தள்ளினாரா, கழுத்தை நெரித்தாரா, கையில் காசில்லாமல் வைத்தாரா, ஃபோனைப் பறித்துப் பார்த்தாரா என்று செயல் செயலாகக் கேட்க வேண்டும். எந்தச் செயல்களைக் கேட்பது என்பது நாள் முழுக்க அந்தப் பெண்களோடு இருப்பவர்களுக்குத்தான் தெரியும். 2021 இல் அங்கே வந்த வீட்டு வன்முறைச் சட்டம் பொருளாதார ஒடுக்குமுறையையும் கட்டுப்படுத்தும் நடத்தையையும் வரைவிலக்கணத்தில் சேர்த்தது. பழைய கேள்விகள் அவற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் புள்ளிவிபர அலுவலகத்தினர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து புதிய கேள்விகளை உருவாக்கி, மாதிரியில் ஒரு பாதிக்குப் பழையதையும் மறுபாதிக்குப் புதியதையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரேயடியாக மாற்றியிருந்தால், எண் கூடும்போது வன்முறை கூடியதா, கேள்விதான் மாறியதா என்று யாராலும் சொல்லமுடியாது.

கேள்வி (வாசகர், நல்லூர்): நிதிக்காகத் தொண்டு நிறுவனங்கள் எண்ணை ஊதிப்பெருக்க மாட்டார்களா?

பதில்: எண்ணில் கைவைக்க அவர்களுக்கு வழியில்லை. கேள்வி, வரைவிலக்கணம், அட்டவணையின் அமைப்பு, விளக்கக் குறிப்பு ஆகியவற்றில் கருத்துச் சொல்லலாம். முடிவை வெளியீட்டு நாளில்தான் எல்லோரும் பார்ப்பார்கள். 2017 யூலை முதல் அங்கே அமைச்சர்களுக்குக்கூட முன்கூட்டிக் காட்டுவதில்லை.

வெளியார் குறை சொன்னதால் எண் திருந்திய வரலாறும் உண்டு. ஒரே ஆள் ஒரே விதமாகத் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டால், எத்தனை தடவையானாலும் அந்தக் குற்ற ஆய்வு முன்பு ஐந்தோடு நிறுத்திவிடும். ஆண்டுக்கு ஐம்பது தடவை அடி வாங்கியவளுக்கும் ஐந்துதான். சமூகவியலாளர் சில்வியா வால்பியும் சக ஆய்வாளர்களும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டி வாதாடினார்கள். 2019 இல் அந்த உச்சவரம்பு கைவிடப்பட்டு, உயர்ந்த வேறொரு வரம்பு வந்தது.

கேள்வி (வாசகி, பருத்தித்துறை): எங்கள் நாட்டில் இப்படி ஒன்று நடந்ததா?

பதில்: நடந்தது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் உதவியுடன் 2019 இல் 'பெண்களின் நல்வாழ்வு ஆய்வு' நடத்தியது. கணவனோ துணைவனோ செய்த உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை வாழ்நாளில் ஒரு தடவையாவது அனுபவித்தவர்கள், துணைவர் இருந்த பெண்களில் 20.4 சதவீதம். 'நல்வாழ்வு' என்ற பெயரே ஒரு பாதுகாப்பு. கதவைத் தட்டும்போது வீட்டுக்காரருக்கு விடயம் தெரியக்கூடாது. இத்தகைய ஆய்வுகளில் ஒரு வீட்டில் ஒரு பெண்ணைத்தான் தெரிவு செய்வார்கள், தனியே இருத்தித்தான் பேசுவார்கள். இடையில் யாரும் வந்தால் சமையல், சுகாதாரம் என்று கேள்வியை மாற்றிவிடுவார்கள்.

அந்த 20.4 இல் மாமியாரும் மச்சாள்மாரும் இல்லை, துணைவர் மட்டுமே. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமோ மற்ற உறவினரையும் உள்ளடக்கியது. எனவே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்போரின் கணக்கையும் ஆய்வின் கணக்கையும் நேரே ஒப்பிட முடியாது. அந்தச் சட்டம் வீட்டு வன்முறை என்று தனிக் குற்றம் எதையும் உருவாக்கவில்லை, கட்டளைதான் வழங்குகிறது. கணவன் அடித்த முறைப்பாடு பொலிஸ் புத்தகத்தில் 'காயப்படுத்தல்' என்று போய்விட்டால் பிறகு தேடி எடுப்பது கடினம்.

கேள்வி (பெண்கள் அமைப்புப் பணியாளர், கோப்பாய்): எங்கள் பதிவேட்டைத் திணைக்களமோ பல்கலைக்கழகமோ கேட்டால் கொடுக்கும் நிலையில் எப்படி வைத்திருப்பது?

பதில்: முதலில் முடிவெடுக்க வேண்டியது, ஒரு வரி என்பது ஓர் ஆளா, ஒரு வருகையா என்பது. இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிட்டு, மார்கழியில் 'மொத்தம் 240' என்று எழுதினால் அது எதன் மொத்தம் என்று எழுதியவருக்கே தெரியாது. ஆளுக்கு ஒரு தாள், வருகைக்கு இன்னொரு தாள், இரண்டையும் இணைக்க ஓர் இலக்கம். அந்த இலக்கத்தைப் பெயரிலிருந்து உருவாக்காதீர்கள். எங்கள் பெண்களுக்கு கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பின் கணவனின் முதலெழுத்து. ஒருவரே இருவராகிவிடுவார். அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம். வரிசை இலக்கம் கொடுத்து, அது யாருடையது என்ற கொப்பியைத் தனியே பூட்டி வையுங்கள்.

சம்பவம் நடந்த திகதி வேறு, உங்களிடம் வந்த திகதி வேறு. இரண்டுக்கும் கட்டம் வேண்டும். வன்முறையின் வகைக்கு ஒரே கட்டம் வைத்தால் பணியாளர் 'உடல்' என்று மட்டும் போட்டுவிட்டு, தாலிக்கொடியை அடகு வைத்ததை விட்டுவிடுவார். வகைக்கொரு கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, கேட்கவில்லை. வெற்றிடத்தை 'இல்லை' என்று எண்ணுவதுதான் இந்தப் பதிவேடுகளில் வழமையாக நடக்கும் பிழை. யார் அனுப்பினார்கள் என்பதும் தேவை. ஒரே பெண் பொலிஸ், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் வைத்தியசாலையின் நட்பு நிலையம், பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், நீங்கள் என நான்கு இடத்தில் பதிவாகியிருப்பாள்.

கொடுக்கும்போது வரிகளைக் கொடுக்க வேண்டாம், அட்டவணையைக் கொடுங்கள். யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள். வயதை மூன்றாகவும் உறவை நான்காகவும் பிரித்தால் 180 கட்டங்கள். ஆண்டுக்கு 120 பேர் வரும் அமைப்புக்குப் பல கட்டங்களில் 0, 1, 2 தான் விழும். நெடுந்தீவில் ஒன்று என்று அச்சில் வந்தால் அது யார் என்று தீவுக்கே தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைந்தவற்றை மறையுங்கள். ஆனால் ஒரு வரிசையில் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மொத்தத்தை விட்டுவைத்தால், கழித்தே கண்டுபிடிக்கலாம். இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது பிரிவுகளைச் சேர்த்து வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று போட வேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): சென்ற ஆண்டைவிட இரட்டிப்புப் பேர் வந்தார்கள். வன்முறை இரட்டிப்பானது என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: எழுதக்கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் இங்கிலாந்தில் வீட்டுக்குப் போகும் ஆய்வு நின்றது. ரெலிபோனில் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார் என்று தெரியாதே. அந்த ஆண்டு உதவி இலக்க அழைப்புகள் கூடின. ஆனால் அழைப்புக் கூடியதால் பாதிக்கப்பட்டோர் கூடினர் என்று கொள்ளமுடியாது என்று புள்ளிவிபர அலுவலகத்தின் அறிக்கையிலேயே எழுதினார்கள். 'எம்மிடம் வந்தோர் இரட்டிப்பு' என்று எழுதுங்கள். அதன் கீழ், அந்த ஆண்டில் புதிதாக யாரை வேலைக்கு எடுத்தீர்கள், எந்த ஊரில் நடமாடும் சேவை தொடங்கினீர்கள், எந்த மாதம் அலுவலகம் பூட்டியிருந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.