வாசகர் கேள்வி, கண் மருத்துவர் பதில்: எந்த நோட்ஸைப் படிப்பது?

கேள்வி: மருத்துவக் கல்லூரி மாணவி நான். கண் பிரிவில் இரண்டு வாரப் போஸ்டிங் தொடங்கப்போகிறது. சீனியர்கள் அனுப்பிய பிடிஎஃப் மட்டும் பதினான்கு இருக்கிறது, அது போக வகுப்பில் காட்டிய ஸ்லைடுகள் வேறு. எதைத் திறந்தாலும் கண்ணின் அடுக்குகள், கருவளர்ச்சி என்றுதான் ஆரம்பிக்கிறது. நாலு பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பதினான்கையும் மூடி வையுங்கள். ஒரே ஒரு வெள்ளைத் தாள் போதும். "டாக்டர், எனக்கு யூவியாவில் கோளாறு" என்று சொல்லிக்கொண்டு எந்த நோயாளியும் வருவதில்லை. கண் சிவந்திருக்கிறது, பார்வை மங்குகிறது, வலிக்கிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, இப்படி நாலைந்து வாக்கியங்களோடுதான் வருகிறார்கள். உங்கள் நோட்ஸும் அந்த வாக்கியங்களில் இருந்து தொடங்கட்டும்.

தாளின் உச்சியில் 'கண் சிவப்பு' என்று எழுதி, கீழே மூன்று கண்களை வரையுங்கள். முதல் கண்ணில் சிவப்பு ஓரங்களில் அதிகம், கருவிழியை (கார்னியா, கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலம்) நெருங்க நெருங்கக் குறைகிறது. பீளை கட்டுகிறது, பார்வை கெடவில்லை, கண் பாப்பா (ஒளி உள்ளே போகும் கருப்புத் துவாரம்) இயல்பாக இருக்கிறது. இது கண்ஜங்டிவைட்டிஸ், அதாவது கண்ணின் வெளிப்படல அழற்சி. இரண்டாவது கண்ணில் சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையம் போட்டதுபோல இருக்கிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது, பாப்பா சுருங்கிக் கிடக்கிறது. இது ஐரைட்டிஸ், அதாவது பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திசுவின் அழற்சி. மூன்றாவது கண்ணில் கருவிழியே ஆவி படிந்த கண்ணாடிபோல மங்கியிருக்கிறது. பாப்பா பாதி விரிந்து, மேல்கீழாக நீண்ட வட்டமாக, டார்ச் அடித்தாலும் அசையாமல் நிற்கிறது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் வளையம் தெரிகிறது என்கிறார், தலைவலி, வாந்தி வேறு. இது அக்யூட் ஆங்கிள் க்ளோஷர், அதாவது கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் திடீரென்று அடைபட்டு அழுத்தம் எகிறிவிட்ட நிலை. இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம்; இந்த நிலையில் 50, 60 வரைக்கும்கூடப் போகும். இந்த மூன்றையும் வரைந்து முடித்த பிறகு உடற்கூறு நோட்ஸைத் திறந்து பாருங்கள். நீர் சிலியரி பாடி என்ற திசுவில் சுரந்து, பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, ஓரத்துக் கோணத்தில் வடிகிறது என்று அங்கே எழுதியிருப்பதைப் படிக்க இப்போது ஒரு காரணம் இருக்கும், தூக்கமும் வராது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு நள்ளிரவில், தலைவலி, வாந்தி என்று ஒரு அம்மா வந்தார். வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டி ஊசி போட்டுப் படுக்க வைத்தோம். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தார், தலைவலியால்தான் பொத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலை வேலைக்கு வந்த மூத்த செவிலியர் அவர் கையை மெல்ல விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், இந்தப் பாப்பா அசையவே இல்லையே" என்றார். அந்த நோயைப் பற்றி நான் தேர்வில் முழுப்பக்கம் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) என்ற தலைப்பில்தான் அதைப் படித்திருந்தேன், வாந்தி என்ற தலைப்பில் படிக்கவில்லை. அந்த ஐந்து மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த தாள், 'பார்வை போய்விட்டது'. திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா. வலியோடா, வலி இல்லாமலா. நாலு கட்டம் போட்டால் கண் மருத்துவத்தில் பாதி அதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். மூன்றாவது தாளில் ஒரே வரி: கண்ணில் ரசாயனம் பட்டு வந்தால் பெயர்கூடக் கேட்காமல் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவு. பார்வை எவ்வளவு என்று அளப்பதெல்லாம் அப்புறம். அதிலும் சுண்ணாம்பு மாதிரியான காரங்கள் அமிலங்களைவிட மோசம், திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்லைடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை ஆசிரியர் பேசுவதற்காக வைத்துக்கொண்ட குறிப்புகள், நீங்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. வகுப்பில் ஸ்லைடில் இல்லாமல் அவர் வாயால் சொன்னதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், தேர்வுக்கும் வார்டுக்கும் அதுதான் உதவும்.

கேள்வி: கண்ணுக்குள் பார்க்கும் டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப் கருவியில் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. சிவப்பாக ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் "டிஸ்க் தெரிகிறது" (பார்வை நரம்பின் முகப்பு) என்கிறார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். வீடியோக்கள் பார்த்தும் பயனில்லை.

பதில்: தலையாட்டிய மற்றவர்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்காது, நம்புங்கள். கருவி 15 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது, ஆனால் ஒரு நேரத்தில் விழித்திரையில் மிகச் சிறிய வட்டத்தைத்தான் காட்டும். சாவித் துவாரம் வழியாக ஒரு கூடத்தைப் பார்ப்பதுபோலத்தான். துவாரத்துக்குக் கண்ணை ஒட்டி வைத்தால்தானே உள்ளே தெரியும்? பெரும்பாலான மாணவர்கள் கூச்சப்பட்டு ஒரு சாண் தள்ளியே நின்றுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. அறை விளக்கை அணையுங்கள். நோயாளிக்குத் தூரத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, அதையே பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் தலை குறுக்கே வந்தாலும் அங்கேயே பார்க்க வேண்டும். அவருடைய வலது கண்ணுக்கு உங்கள் வலது கை, வலது கண், இடதுக்கு இடது. இதை மாற்றினால் மூக்கும் மூக்கும் மோதும். முதலில் கை நீட்டும் தூரத்தில் நின்று பாப்பாவில் செம்மஞ்சள் ஒளி வருகிறதா என்று பாருங்கள். அது வராவிட்டால் வழியில் ஏதோ மறைக்கிறது, கண்புரையாக இருக்கலாம். ஒளி வந்தால் அதை விடாமல், நேர் எதிரே இருந்து வராமல், காதுப்பக்கம் 15 டிகிரி சாய்ந்த கோணத்தில் நெருங்குங்கள், உங்கள் கை அவர் கன்னத்தைத் தொடும்வரை. இந்தக் கோணத்தில் போனால் டிஸ்க் தானாகவே எதிரே வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு ரத்தக்குழாயைப் பிடியுங்கள். மங்கலாக இருந்தால் லென்ஸ் சக்கரத்தை ஒவ்வொரு எண்ணாகத் திருப்புங்கள். குழாய் எங்கே கிளை பிரிகிறதோ அங்கே ஒரு கவட்டை தெரியும், அதன் அடிப்பக்கம் காட்டும் திசையில் போனால் டிஸ்க். விளிம்பு தெளிவா, நிறம் என்ன, நடுவில் உள்ள குழி எவ்வளவு, அப்புறம் குழாய்கள். விழித்திரையின் மையமான மாக்குலாவைக் கடைசியாக, "இப்போது விளக்கைப் பாருங்கள்" என்று சொல்லி ஒரு கணம் மட்டும். முதலிலேயே அங்கே வெளிச்சம் அடித்தால் பாவம், அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் எளிதாக இருக்கும், ஆனால் அதற்கு முன்பே பாப்பாவின் ஒளி எதிர்வினையைப் பார்த்து எழுதிவிட வேண்டும். டார்ச்சை ஒரு கண்ணில் இருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி அடிக்கும்போது, ஒளி பட்ட பிறகும் பாப்பா சுருங்காமல் விரிந்தால் அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பிலோ விழித்திரையிலோ பெரிய சேதம். முற்றிய கண்புரைகூடப் பொதுவாக இதை உண்டாக்காது என்பதால், இது எவ்வளவு பெரிய தகவல் என்று யோசித்துப் பாருங்கள். தலையில் அடிபட்டு வந்தவருக்கு அந்தச் சொட்டை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள், பாப்பாவின் அளவுதான் அங்கே எச்சரிக்கை மணி.

அப்புறம், வகுப்புத் தோழர்கள் சம்மதித்தால் தினம் ஒரு இயல்பான கண்ணைப் பார்த்து வரைந்து வையுங்கள். 1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்தக் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டதற்கு முன்பு, உயிருள்ள ஒருவரின் விழித்திரையைத் தெளிவாகப் பார்த்துப் படிக்க மருத்துவர்களுக்கு வழியே இல்லை. அது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதில் எதை நம்பலாம்?

பதில்: நான் மாணவர்களுக்குச் சொல்வது நான்குதான். அயோவா பல்கலைக்கழகத்தின் ஐ-ரவுண்ட்ஸ் தளத்தில் படங்களும் நோயாளி விவரங்களோடு கூடிய கேஸ்களும் உண்டு. தலைப்பை விரலால் மறைத்துவிட்டு, படத்தில் தெரிவதை முதலில் வாய்விட்டு விவரியுங்கள், நோயின் பெயரை அப்புறம் சொல்லலாம். ஐவிக்கி, அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியினுடையது, கண் மருத்துவர்களே எழுதுவது, அதனால் உங்களுக்குத் தேவைக்கு மேல் ஆழம். அறிகுறி, நோயறிதல் பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். விழித்திரை எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வம் வந்துவிட்டால் யூட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட வெப்விஷன். கண் அசைவுக் கோளாறுகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் உள்ள நாவல் என்ற நரம்பியல் கண் மருத்துவ நூலகம். ஆறாவது நரம்பு செயலிழந்த கண் வெளிப்பக்கம் போக முடியாமல் நிற்பதை வீடியோவில் ஒரு தடவை பார்த்தால் பத்துப் பக்கம் படிக்க வேண்டியதில்லை. மருந்து அளவை மட்டும் எந்த நோட்ஸில் இருந்தும் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஆப்டிக்ஸ் (ஒளியியல்) என்றாலே பயம். விட்டுவிட்டுத் தேர்வுக்குப் போகலாமா?

பதில்: விட வேண்டாம், உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். கண் ஒளியை வளைக்கும் மொத்தத் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர், அதில் 43 கருவிழியே கொடுக்கிறது, மிச்சம் லென்ஸ். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்குவது எதனால் என்று இப்போது புரியும்: கருவிழிக்கு முன்னால் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்ததும் அதன் திறனில் பெரும்பகுதி போய்விடுகிறது. பார்வையை அளக்க டச்சுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் கொண்டுவந்த எழுத்துப் பலகையில் 6/6 (இயல்பான பார்வை) வரியின் எழுத்து, 6 மீட்டரில் இருந்து பார்த்தால் 5 நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு ஒரு நிமிடம்). உயரம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 6/60 எழுத்து அதைப்போலப் பத்து மடங்கு, அதாவது நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை 6/60 பார்வை உள்ளவர் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறார். இன்னொன்று, ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்; தெளியாவிட்டால் வேறு நோயைத் தேடுங்கள்.

கேள்வி: கையால் எழுதுவதா, டேப்லெட்டிலா?

பதில்: எதில் வேண்டுமானாலும். வரைய முடிய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: என் நோட்ஸை ஜூனியர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கொடுக்கும் முன் ஒரு முறை நீங்களே சரிபாருங்கள். எங்கள் காலத்தில் கைமாறி வந்த ஒரு நோட்ஸில் ஐரைட்டிஸில் பாப்பா விரியும் என்றும் ஆங்கிள் க்ளோஷரில் சுருங்கும் என்றும் இருந்தது. யாரோ ஒருவர் அட்டவணையின் இரண்டு பத்திகளை மாற்றி நகலெடுத்துவிட்டார், அதற்குப் பின் வந்த எல்லாரும் அப்படியே மனப்பாடம் செய்தோம். அதேபோல 'சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு' என்று மொட்டையாக ஒரு வரி உங்கள் நோட்ஸில் இருந்தால் இன்றைக்கே அடியுங்கள். ஹெர்ப்பிஸ் வைரஸால் கருவிழியில் கிளைவிட்ட புண் இருக்கும் கண்ணில் அந்தச் சொட்டு விழுந்தால் புண் பரவி, தழும்பாகி, பார்வையே போகலாம். மாதக்கணக்கில் போட்டால் அழுத்தமும் ஏறலாம். புண்ணைக் காட்டும் ஃப்ளோரசின் சாயம் போட்டு நீல ஒளியில் பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும் என்று அந்த இடத்தில் எழுதிக் கொடுங்கள். நோயாளிகளின் முகம் தெரியும் படங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவர்கள் உங்கள் ஜூனியர்களுக்குச் சம்மதம் தரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டுக் கொடுங்கள், அவர்கள் பார்த்த கண்களை அங்கே வரைந்துகொள்ளட்டும்.