வெளிநாட்டில் இருந்தபடி இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க: கேள்வி பதில்

அண்ணா, சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட். பாஸ்போர்ட் முடிய எட்டு மாதம் இருக்கிறது. இப்போதே போடலாமா?

தாராளமாக, தம்பி. ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போதே வாங்கிக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்குக் கீழே போனால் பல நாடுகளில் உள்ளே விடவே யோசிப்பார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘ரீ-இஷ்யூ’ என்று போடுங்கள். ஊர் முகவரிக்கு போலீஸ் விசாரணை வரலாம், வீட்டில் சொல்லி வையுங்கள். புதியதில் நம்பர் மாறிவிடும். கம்பெனியில் சொல்லி பெர்மிட்டிலும் மாற்றிவிட வேண்டும்.

பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. கேட்டால் தர மறுக்கிறார்.

அது இந்திய அரசின் சொத்து. பிடித்து வைப்பது சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் சட்டப்படி தப்பு. சிங்கப்பூர் என்றால் மனிதவள அமைச்சிலும் இந்திய ஹைகமிஷனிலும் புகார் கொடுக்கலாம். பயப்படாதீர்கள்.

துபாயில் இருக்கிறேன் சார். சர்நேம் கட்டம் காலி. பிரச்சினை வருமா?

இன்ஷியலோடு வளர்ந்த நம் ஆட்களுக்குத்தான் இந்தத் தலைவலி அதிகம். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதைச் செய்யாமல் ஒற்றைப் பெயரோடு விட்டவர்கள் ஏராளம். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயரோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் அறிவித்தது. அப்புறம், அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஆனாலும் புதுப்பிக்கும்போதே அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம் ஒரு வார்த்தை பேசுங்கள்: விசா, எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

பத்தாவது முடிக்கவில்லை. அதனால் பாஸ்போர்ட்டில் விழுந்த ஈ.சி.ஆர். முத்திரையை (வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) எடுக்க முடியுமா?

முடியும். மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் அதுவே தகுதி. விசா, குடிநுழைவு முத்திரை உள்ள பக்கங்களின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். இந்த முத்திரையோடு வேலைக்குப் போக வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அலைச்சல் மிச்சம். படிவத்தில் ஈ.சி.ஆர். பற்றிய கட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

பழைய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருக்கிறதே?

விசா பக்கம் சேதமாகாமல் இருந்தால் செல்லும். ஓரம் வெட்டித் தரும் பழையதையும் புதியதோடு எடுத்துப் போங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில். உடனே ஊருக்குப் போக வேண்டும்.

முதலில் போலீஸ் புகார். அதன் நகலோடு தூதரகம் போய் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேளுங்கள். இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் அது செல்லும், புது பாஸ்போர்ட்டை ஊரில்தான் எடுக்க வேண்டும். கிளம்புமுன், திரும்பி வர விசாவுக்கு என்ன வழி என்று கம்பெனியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.