முதலில் சித்தாளாக வாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓமலூர் பக்கம் பிறந்தவன். பெங்களூரில் 19 வருடம் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் மேலாளர். போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். வயது 43. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மனைவி பள்ளி ஆசிரியை. சேர்வராயன் மலையில் நல்ல வீடில்லாத குடும்பங்களுக்குக் குறைந்த செலவில், இயற்கையைக் கெடுக்காத மண்வீடுகளைக் கட்டித்தர வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் அங்கே இந்த வேலையில் இருப்பதைப் படித்திருக்கிறேன். எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. காணொளிகள் பார்த்திருக்கிறேன், இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் “படிச்ச படிப்புக்குக் கொத்தனார் வேலையா?” என்கிறார்கள். சம்பளம் வேண்டாம். என்னால் அங்கே உண்மையிலேயே பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

பயன் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘மண்வீடுகளைக் கட்டித்தர’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். மண்வீடு வேண்டும் என்று உங்களிடம் கேட்டது யார்?

ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே ஆசையோடுதான் மலையேறினேன். நாகலூர்ப் பக்கம் ஒரு மலையாளிக் குடும்பத்துக்கு முதல் வீடு. (மலையாளி என்று இங்கே சொல்வது சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வாழும் பழங்குடி மக்களை. கேரளத்துக்காரர்களை அல்ல.) மண்சுவர், மண்பூச்சு, வெளியே சிமெண்ட் வாசமே கிடையாது. பார்க்க வந்தவர்களெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் முன்பக்கச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூச்சு. மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று, மகளிர் குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கிப் பூசியிருந்தார்கள். அடுத்த மழையில் சிமெண்டுக்குப் பின்னால் ஈரம் அடைத்துக்கொண்டு பூச்சு பொதபொதவென்று உப்பி வந்தது. அந்தக் கடனை அடைக்க அவர்களுக்கு இரண்டு காபிப் பருவம் ஆனது. அந்தக் கடனுக்குக் காரணம் நான்தான். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், எனக்குப் பிடித்த வீட்டை அவர்கள் நிலத்தில் கட்டிவிட்டேன்.

இரண்டாவது வீட்டுக்காக ஒரு அம்மாவிடம் பேசப் போனேன். மண்கட்டி எவ்வளவு நல்லது, வெயிலுக்கு எப்படிக் குளுமை, பனிக்கு எப்படிக் கதகதப்பு என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “மண்ணு ஊடுதான் வேணும்னா இருக்கறதே இருக்குதே கண்ணு. மழை வந்தா ராத்திரி பூரா முழிச்சிருந்தே என் பாதி வயசு போயிருச்சு.”

சரி, என்னதான் வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். மழைத்தண்ணீர் சுவரைத் தொடக்கூடாது. ராகி மூட்டை வைக்கப் பரண் வேண்டும். மேலே தட்டையான கான்கிரீட் வேண்டும். அந்தக் கடைசி ஆசையைக் கௌரவத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு. மிளகும் காபியும் காயப்போட அவருக்குச் சமதளமாக ஒரு இடம் வேண்டும். மலைச்சரிவில் வீட்டு மாடியைவிட நல்ல களம் ஏது?

அதற்கப்புறம் வேலை தானாக வழிக்கு வந்தது. இங்கேயே கிடைக்கும் கருங்கல்லில் இரண்டடிக்குப் பேஸ்மட்டம். சுவருக்கு, மண்ணோடு 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திய கட்டி. கூரைக்குக் கான்கிரீட்தான், ஆனால் கம்பிகளுக்கு இடையில் பழைய சீமை ஓடுகளை வைத்து வார்த்தது. கூரையின் அடிப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பி, கான்கிரீட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அந்த இடத்தை ஓடு நிரப்பினால் கலவை மிச்சம், எடை மிச்சம், வெயிலும் அவ்வளவாக உள்ளே இறங்காது. உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மலைமேல் அதைவிட நேரடியான கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு மூட்டையும் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் டெம்போ மாறி, கடைசி ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாகப் போக வேண்டும். ஐந்து மூட்டை குறைந்தால் ஐந்து பேர் கழுத்துக்கு நல்லது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிலரங்கில் உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் உடனே அடியில் உட்காரும், வண்டல் அதன்மேல் படியும், களி கடைசியாக மெல்ல இறங்கும். களி மிஞ்சினால் கட்டி காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். நான் இரண்டு இடத்து மண்ணைப் பாட்டிலில் போட்டு அந்த அம்மாவின் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு குவியலிலும் ஒரு பிடி எடுத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். “இது சுருங்கிரும். கோயிலுக்குப் பின்னாடி மண்ணு எடு” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் பாட்டிலும் அதையேதான் காட்டியது. ஐம்பது வருடம் மண்சுவரை மெழுகிய கை அது.

குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைப் படித்திருப்பீர்கள். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும் என்பதைத்தான் அவரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் இமயமலைப் பக்கம் பித்தோராகரில் கழித்த பதினைந்து வருடத்துக்கும் மேலான காலம். இங்கிலாந்தில் முறையாகக் கட்டடக்கலை படித்தவர். மலைக்குப் போன பிறகு, தான் படித்தது அங்கே உதவவில்லை என்று கண்டு, ஊர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று உட்கார்ந்து கற்றார். திருவனந்தபுரத்தில் அவர் பேர் வாங்கிய வீடுகளெல்லாம் அதற்கப்புறம் வந்தவை.

உங்களைப் போலவே வசதியை விட்டு வந்தவர் மில்லார்ட் ஃபுல்லர். முப்பது வயதுக்குள் கோடீஸ்வரரான அமெரிக்கர். சொத்தைக் கொடுத்துவிட்டு, 1976-ல் மனைவி லிண்டாவோடு சேர்ந்து, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட உதவும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பின் வீடுகளில் குடியேறப் போகிறவர்களும் கட்டுமானத்தில் இறங்கி உழைக்க வேண்டும் என்பது முதலிலிருந்தே ஏற்பாடு. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். வீட்டுக்காரர் கை படாத சுவரை நாங்கள் எழுப்புவதில்லை.

இனி சம்பளம். உங்களுக்கு வேண்டாம் என்பது சரி. ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழுக் கூலி உண்டு, அதில் பேரமே கிடையாது. சனி ஞாயிறு இருபது பேர் சம்பளமில்லாமல் வந்து மண் சுமந்தால், அந்த ஊரில் இரண்டு பேருக்கு அன்றைய கூலி போகிறது என்று பொருள். அதனால் நீங்கள் எந்தக் கொத்தனாரின் இடத்திலும் நிற்க வேண்டாம், அவர் பக்கத்தில் நில்லுங்கள். முதல் ஆறு மாதம் கலவை குழைப்பது, கட்டிக்குக் காலை மாலை தண்ணீர் தெளிப்பது, நூல் பிடிப்பது, தூக்குக்குண்டு பார்ப்பது. 28 நாள் ஈரம் காயாமல் கட்டியைப் பார்த்துக்கொள்வது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள், சுவரின் ஆயுள் அந்த நாட்களில்தான் இருக்கிறது. உறவினர்கள் கேட்டால், கொத்தனார் ஆக இன்னும் சில வருடம் ஆகும் என்று சொல்லுங்கள்.

உங்கள் பழைய வேலை வீணாகுமா என்று கவலைப்படுவீர்கள். ஆகாது. இங்கே பல வீடுகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் செங்கல்லோ மண்ணோ இல்லை, காகிதம். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. பணம் தவணை தவணையாகத்தான் வரும். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று படம் பதிந்த பிறகுதான் அடுத்தது. ஒரு குடும்பத்துக்குப் பட்டாவில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் இருந்ததால் லிண்டல் மட்டத்தோடு (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் உத்திரம் வரை) ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவர் திறந்து கிடந்தது. ஒரு எழுத்துப் பிழை அது. கூட ஒரு ஆள் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்திருந்தால் கூரை ஏறியிருக்கும். எந்தச் சாமான் எந்த வாரம் வேண்டும், எந்தத் தவணை எப்போது வரும், நடுவில் எத்தனை நாள் கைமாற்று தேவைப்படும் என்று ஒரு தாளில் போட்டு, அந்த வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்ல உங்களுக்கு வரும். 19 வருடம் அதைத்தானே செய்தீர்கள். இங்கே அதற்குத்தான் ஆள் இல்லை.

உங்கள் கைச்செலவுக்கு மட்டும் இரண்டு வருடத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு வாருங்கள். எந்தக் குடும்பத்தின் பானையிலும் உங்கள் பங்கு இருக்கக்கூடாது.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். எல்லோரும் காபிப் பழம் பறிக்கப் போய்விடுவார்கள், வருடத்தின் முக்கியமான கூலி அது. பிப்ரவரியில் வாருங்கள். அப்போதுதான் கட்டி அச்சடிக்கத் தொடங்குவோம், ஜூன் மழைக்குள் கூரை போட்டாக வேண்டும். இந்த முறை வீடு அந்த அம்மாவின் தங்கைக்கு. முழுக்கைச் சட்டையும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் பனி இருக்கும். மண் எங்கே எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. முதல் நாள் நீங்கள் அவர்கள் இரண்டு பேரோடும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.