சொதப்பிய ரீமேக்கை அதன் இரண்டாம் பாகம் காப்பாற்ற முடியுமா?

பழைய மாயாஜாலப் படம் ஒன்றைக் கோடிகளைக் கொட்டி மறுபடி எடுத்தார்கள், சொதப்பிவிட்டது, இப்போது இரண்டாம் பாகம் வருகிறது. அது நன்றாக வந்தால் முதல் படத்தின் பாவம் கழிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இரண்டாம் பாகம் தேறலாம். முதல் படம் கெடுத்து வைத்த பெயர் தேறாது. இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், ஹாலிவுட் இதை ஏற்கெனவே ஒரு தடவை பரிசோதனை போலச் செய்து பார்த்துவிட்டது. கிரேக்கப் புராணத்தை வைத்து 1981-ல் வந்த படத்தின் ரீமேக்காக 2010-ல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்', 2012-ல் வந்த அதன் தொடர்ச்சி 'ராத் ஆஃப் தி டைட்டன்ஸ்'. முதல் படத்தைப் பற்றி மக்கள் என்னென்ன புகார் சொன்னார்களோ, அதையெல்லாம் பட்டியல் போட்டுத் திருத்தி எடுத்த படம் அது. அப்படியும் எடுபடவில்லை.

மூலப்படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரீமேக் எதைத் தொலைத்தது என்று புரியாது. 1981-ல் வந்த அசல் படத்தை இயக்கியவர் டெஸ்மண்ட் டேவிஸ். ஆனால் யாரும் அதை அவர் படம் என்று சொல்வதில்லை. அது ரே ஹாரிஹவுசன் படம். பொம்மைகளைக் கையால் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு ஃபிரேம் எடுத்து உயிர் கொடுக்கிற ஸ்டாப் மோஷன் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் வேலை செய்த கடைசி முழுநீளப் படமும் அதுதான். படம் வந்தபோதே அது பழைய பாணி. 'ஸ்டார் வார்ஸ்' வந்து நான்கு வருடம் ஆகிவிட்டிருந்தது. கதாநாயகன் பெர்சியஸாக வரும் ஹாரி ஹாம்லின் நடிப்பில் சிலிர்க்க ஒன்றும் இல்லை. லாரன்ஸ் ஒலிவியே தேவர்களின் அரசன் ஜீயஸாக வருகிறார், மேகி ஸ்மித் கடல் தேவதை தீட்டிஸாக வருகிறார், இருவரும் பாதி நேரம் நின்றுகொண்டே வசனம் பேசுகிறார்கள்.

ஆனால் தலைமுடிக்குப் பதில் பாம்புகள் கொண்ட, பார்த்தவரைக் கல்லாக்குகிற மெடூசா வருகிற காட்சியை ஒருமுறை பாருங்கள். இடிந்த கோயிலுக்குள் பெர்சியஸ் நுழைகிறான். தீ வெளிச்சம் மட்டும்தான், தூண்களின் நிழல் அசைகிறது. மெடூசா உடனே முழுசாகத் தெரிவதில்லை. நிழலும், கிலுகிலுப்பைப் பாம்பின் வால் நடுங்குகிற சத்தமும்தான் முதலில். பிறகு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பாம்பு உடம்பை இழுத்து இழுத்து வருகிறாள். கையில் வில். அவசரமே இல்லை அவளுக்கு. தலையில் இருக்கிற ஒவ்வொரு பாம்பும் தனித்தனியாக நெளிகிறது, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்த மனிதர் அத்தனை பாம்பையும் விரலால் ஒரு நூலளவு நகர்த்தியிருக்கிறார். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். அந்த உழைப்பு தெரிகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அவ்வளவு மெதுவாக எடுத்ததால் காட்சியும் மெதுவாக நகர்கிறது, அதனால்தான் பயம் வருகிறது.

2010 படத்திலும் மெடூசா உண்டு. எரிமலைக் குழம்பு ஓடுகிற பாதாளத்தில், கணினியில் உருவாக்கிய (சிஜி) உடம்போடு, சுவரிலும் தூணிலும் சுற்றிச் சுற்றி ஓடுகிறாள், சிரிக்கிறாள். பார்க்கும்போது பரபரப்பாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் ஒன்றும் நினைவில் நிற்காது.

அந்தப் படத்தை இயக்கியவர் லூயி லெட்டரியர். சாம் வொர்திங்டன் பெர்சியஸ், லியாம் நீசன் ஜீயஸ், ரால்ஃப் ஃபைன்ஸ் பாதாள உலகத் தெய்வம் ஹேடீஸ். செலவு 12.5 கோடி டாலர். இப்படி ஒரு நடிகர் பட்டாளம் இருந்தும் ஏன் சொதப்பியது? எல்லோரும் முதலில் சொல்வது 3டியைத்தான். 2009 டிசம்பரில் 'அவதார்' வந்து 3டிக்கு மவுசு ஏறியிருந்த நேரம். சாதாரணமாக எடுத்து முடித்த படத்தை, வெளியீட்டை ஒரு வாரம் தள்ளி வைத்து ஏப்ரல் 2 என்று ஆக்கி, அவசர அவசரமாக 3டிக்கு மாற்றினார்கள். வேலையைச் செய்தது மும்பையின் பிரைம் ஃபோகஸ் நிறுவனம்; கிடைத்த அவகாசம் ஏறத்தாழ பத்து வாரம். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு ஆளையும் பொருளையும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து, இது முன்னால், இது பின்னால் என்று ஆழம் கொடுக்கிற வேலை அது. பத்து வாரத்தில் அதை யார் செய்தாலும் இப்படித்தான் வரும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. திரையில் ஆட்கள் அட்டையில் வெட்டி நிறுத்தினது போல இருந்தார்கள், தலைமுடி எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறியது. லெட்டரியரே பின்னாளில் அந்த 3டியை வெளிப்படையாகத் திட்டினார்.

கதையிலும் கை வைத்தார்கள். அசலில் பெர்சியஸ் இளவரசி ஆண்ட்ராமிடாவைக் காதலிப்பதுதான் முதுகெலும்பு. கிராக்கன் என்ற கடல் பூதத்துக்குப் பலியாகப் போகிறவள் அவள், அதனால்தான் அவன் மெடூசாவின் தலையைத் தேடிப் போகிறான். ரீமேக்கில் காதலை ஐயோ என்ற பாத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். (கிரேக்கப் புராணப்படி ஐயோ, பெர்சியஸுக்குப் பல தலைமுறைக்கு முந்தைய பாட்டி. கிராக்கனே கிரேக்கத்தைச் சேர்ந்ததில்லை, வட ஐரோப்பியக் கடல் பூதம். ஆனால் அது 1981 படம் தொடங்கி வைத்த வேலை, அதை மன்னித்துவிடலாம்.) விளைவு, ஆண்ட்ராமிடாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும்போது நமக்கும் பதற்றமில்லை, பெர்சியஸுக்கும் பெரிதாக இல்லை. தேவர்களின் பக்கம் எடுத்த காட்சிகள் பலவும் வெட்டில் போயின. லூக் எவன்ஸ் அப்போலோ என்ற தெய்வமாக நடித்தார் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

அந்தப் படத்தின் மனசு எங்கே இருந்தது என்பதைக் காட்ட ஒரு சின்னக் காட்சி போதும். அசல் படத்தில் பூபோ என்று ஒரு இயந்திர ஆந்தை உண்டு. 'ஸ்டார் வார்ஸ்' ரோபோ ஆர்2டி2வைப் பார்த்துச் செய்தது என்று பலர் சொல்வார்கள், ஹாரிஹவுசன் மறுத்தார். குழந்தைத்தனமானதுதான், ஆனால் படத்துக்கு ஒரு செல்லம். ரீமேக்கில் பெர்சியஸ் ஆயுதக் கிடங்கில் அதைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்கிறான். அதைப் போட்டுவிட்டு வா என்கிறார்கள். போட்டுவிட்டுப் போகிறான். ரசிகர்கள் சிரிக்கட்டும் என்று வைத்த காட்சி. எனக்கு அது அப்பா வேலை செய்த பட்டறையைப் பிள்ளை ஆள் கூட்டிவந்து கேலி செய்வது போல இருந்தது.

இவ்வளவுக்கும் படம் உலகம் முழுக்க 49 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாம் பாகம் வந்ததே அதனால்தான்.

இப்போது 'ராத்'. இயக்குநரை மாற்றினார்கள், ஜோனதன் லீபெஸ்மன் வந்தார். செலவு 15 கோடி டாலர். இந்த முறை 3டி ஆரம்பத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது, அது திரையில் தெரிந்தது. மொட்டையடித்த ராணுவ வீரன் மாதிரி இருந்த பெர்சியஸுக்குச் சுருட்டை முடி வந்தது. முதல் படத்தில் தன் நடிப்பு தனக்கே திருப்தியில்லை என்று வொர்திங்டன் ஒப்புக்கொண்டார், இதில் கொஞ்சம் இறங்கி நடித்தார். அடி வாங்குகிற, மூச்சு வாங்குகிற, மகனைக் காப்பாற்ற அலைகிற மீனவனாக. ஆண்ட்ராமிடாவாக ரோசமண்ட் பைக் வந்து, தொங்கவிடப்படுகிற இளவரசியைப் படை நடத்துகிற ராணி ஆக்கினார். தலைப்பில் டைட்டன் (தேவர்களுக்கு முந்தைய ராட்சதத் தெய்வம்) என்று வைத்துக்கொண்டு முதல் படத்தில் உருப்படியாக ஒரு டைட்டனைக்கூடக் காட்டவில்லை. இதில் ஜீயஸின் அப்பனான டைட்டன் குரோனோஸே மலையைப் பிளந்துகொண்டு வருகிறான். ஊருக்குள் சிமேரா என்ற கலப்பு மிருகம் புகுந்து நெருப்பைக் கக்குகிற சண்டை, மூன்று ஒற்றைக்கண் ராட்சதர்கள் காட்டில் துரத்துவது, சுவர்கள் நகர்ந்துகொண்டே இருக்கிற லேபிரிந்த் என்ற புதிர்ப்பாதை, எல்லாம் முதல் படத்தில் இல்லாத சரக்கு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஜீயஸும் ஹேடீஸும். காலமெல்லாம் பகையாளிகளாக இருந்த அண்ணன் தம்பி. ஜீயஸ் சிறைப்பட்டு, சக்தியெல்லாம் உறிஞ்சப்பட்டுக் கிழவனாகக் கிடக்கும்போது ஹேடீஸிடம் மன்னிப்புக் கேட்கிறார், ஹேடீஸையும் மன்னிக்கிறார். பிறகு இரண்டு வயதான தெய்வங்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் களத்துக்கு நடந்து வருகிறார்கள். நீசனும் ஃபைன்ஸும் கைதேர்ந்தவர்கள், அந்தச் சில நிமிடங்கள் நிஜமாகவே நெஞ்சைத் தொடும். முதல் படத்தில் இதே இருவரும் பளபளக்கும் கவசத்துக்குள் நின்று கர்ஜித்துக்கொண்டிருந்தார்கள்.

பூபோவும் திரும்பி வந்தது. பில் நைஹி நடித்த, தேவர்களின் கொல்லன் ஹெஃபெஸ்டஸ் அந்த ஆந்தையிடம் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். முதல் படம் செய்த அவமரியாதைக்குப் பரிகாரம் மாதிரி.

இவ்வளவு செய்தும் விமர்சனங்கள் முதல் படத்துக்கு வந்த மாதிரியேதான் வந்தன. விமர்சனங்களைத் தொகுக்கிற ரோட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இரண்டு படங்களுமே முப்பது சதவீதத்துக்குக் கீழே. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது, இரண்டாவது தெளிவாகவே மேல். ஆனால் எங்கே இடிக்கிறது என்றும் தெரிகிறது. முதல் படத்தின் கடைசியில் ஜீயஸ் பெர்சியஸுக்குப் பரிசாக ஐயோவை உயிர்ப்பித்துக் கொடுக்கிறார். இரண்டாம் படம் தொடங்கும்போது அவள் இறந்துபோய்விட்டாள், ஒரு கல்லறை இருக்கிறது, அவ்வளவுதான். காதலை ஆண்ட்ராமிடாவிடம் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அதற்கு இவள் வழியில் இருக்கக்கூடாது. முதல் படத்தில் அந்த உயிர்ப்பித்தலைப் பார்த்துக் கண் கலங்கிய ஒருவர் இருந்தால் (இருந்தாரா தெரியவில்லை) அவர் நிலைமை என்ன? திருத்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான். முந்தைய படத்தில் நடந்ததை எழுதியவர்களே மதிக்கவில்லை என்றால், பார்க்கிறவன் எதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குள் நுழைவான்? கடைசியில் பெர்சியஸும் ஆண்ட்ராமிடாவும் முத்தமிடும்போது, இவர்களுக்குள் எப்போது என்ன நடந்தது என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

வசூல் இன்னும் கறாராகப் பேசுகிறது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 'கிளாஷ்' எடுத்தது 6.1 கோடி டாலர், 'ராத்' எடுத்தது 3.3 கோடி. கிட்டத்தட்ட பாதி. 'தி ஹங்கர் கேம்ஸ்' இரண்டாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்தது, அதன் போட்டியும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் மூன்று நாள் கூட்டம் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் இல்லை. முந்தைய படத்தின் ஞாபகத்தில் வருகிற கூட்டம், அல்லது வராமல் இருக்கிற கூட்டம். மோசமான படம் 49 கோடியோடு போனது, அதைவிட நல்ல படம் உலக அளவில் 30 கோடியோடு நின்றது. கடன் வாங்கியது அது, கட்டியது இது. மூன்றாவது பாகத்துக்கான பேச்சும் அமுங்கிவிட்டது.

இது இவர்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அதே 2010-ல் டிம் பர்ட்டனின் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' 100 கோடி டாலரைத் தாண்டியது. பார்த்தவர்களில் எத்தனை பேர் அதை மறுபடி பார்க்க விரும்பினார்கள் என்பது 2016-ல் தெரிந்தது. இரண்டாம் பாகம் உலக வசூலில் 30 கோடியைத் தொடத் திணறியது.

அப்படியானால் தப்பித்தவர்களே இல்லையா என்றால், ஒருவர் இருக்கிறார். ரீமேக் இல்லை, தொலைக்காட்சித் தொடரைச் சினிமாவாக்கியது, ஆனாலும் பொருந்தும். விண்வெளிக் கதையான 'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் 1979-ல் வந்த முதல் படம் செலவிலும் நீளத்திலும் பிரம்மாண்டம், பார்க்கப் பார்க்கத் தூக்கம். அடுத்த படத்துக்குப் பொறுப்பேற்ற தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் அந்தப் படத்தைத் திருத்த உட்காரவில்லை. பழைய தொடரின் 79 எபிசோடுகளையும் போட்டுப் பார்த்தார். 1967-ல் ஒரே ஒரு எபிசோடில் வந்துபோன கான் என்ற வில்லனைப் பிடித்தார். நிக்கோலஸ் மேயர் இயக்கத்தில், முதல் படச் செலவில் பாதிகூட இல்லாமல், 1982-ல் 'தி ராத் ஆஃப் கான்' வந்தது. இன்றைக்கும் அந்த வரிசையில் தலைசிறந்தது எது என்றால் பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள். முதல் வார இறுதி வசூலில் அந்தக் காலத்துச் சாதனையும் அதுதான். ரசிகர்களின் நம்பிக்கை முதல் படத்தின் மேல் இருந்ததே இல்லை, தொடரின் மேல் இருந்தது. அதைத் தொட்டதும் கூட்டம் வந்தது. அப்படியும் அதனால் 1979 படம் நல்ல படமாகிவிடவில்லை, ரசிகர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள், அவ்வளவே.

'ராத்' எடுத்தவர்கள் 2010 படத்தின் புகார்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 1981 படத்தைப் போட்டுப் பார்த்து, அந்த மெடூசா ஏன் முப்பது வருடமாகியும் மறக்கவில்லை என்று யோசித்திருந்தால் வேறு படம் வந்திருக்கும். வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்திருப்பார்கள்.

நீங்கள் காத்திருக்கிற இரண்டாம் பாகம் எது என்று சொல்லவில்லை. எதுவானாலும், டிரெய்லரில் பழைய படத்தின் ஏதாவது ஒன்றை நேசித்து எடுத்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பெரிய பூதம், இன்னும் பெரிய பூதம் என்றால் ஓடிடிக்கு வரும்வரை பொறுக்கலாம். டைட்டன்ஸைப் பொறுத்தவரை, 1981 படத்தை முழுசாகப் பாருங்கள். 2010 படத்தை விட்டுவிடலாம். 'ராத்' எங்காவது ஓடினால், ஹெஃபெஸ்டஸ் ஆந்தையோடு பேசுகிற இடத்திலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் சிமேரா சண்டையும் ஒற்றைக்கண் ராட்சதர்கள் துரத்துவதும் தவிர வேறு எதுவும் தவறாது.