களவு மணமும் மன்னரின் சட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினாறாம் நூற்றாண்டு பிரான்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு இடம் எனக்குப் பிடிபடவில்லை. ஆணும் பெண்ணும் மனமொத்துச் சம்மதம் சொன்னாலே கல்யாணம் முடிந்தது, அதைப் பிரிக்க யாராலும் முடியாது என்பது கத்தோலிக்கச் சபையின் சட்டம் என்கிறீர்கள். அப்படியென்றால் பெற்றோர் காதலர்களை எப்படித் தடுத்தார்கள்? மன்னர் போட்ட சட்டம் சபையின் சட்டத்துக்கு மேலே நின்றதா? குடும்ப மானம் என்ற பேச்சில் பெண்ணின் மானம் எங்கே வருகிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மேலே நிற்கவில்லை. கல்யாணம் திருவருட்சாதனம், அதாவது சபையின் புனிதச் சடங்குகளில் ஒன்று, அதில் கைவைக்க மன்னருக்கு உரிமை கிடையாது. அதனால் அவர் சொத்து வழியாக நுழைந்தார், பிறகு குற்றவியல் வழியாக.

முதலில் பழைய முறை. எல்லாம் வினைச்சொல்லின் காலத்தைப் பொறுத்தது. "உன்னை மனைவியாக ஏற்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொன்னால் அந்த நொடியே கல்யாணம். சாமியார் வேண்டாம், சாட்சி வேண்டாம். "ஏற்பேன்" என்றால் அது நிச்சயம் மட்டும். பிறகு இருவரும் கூடிவிட்டால் அதுவும் கல்யாணமாகிவிடும். கோளாறு எங்கே என்றால், தனியாகச் சொன்ன சொல்லை ஒருவர் மறுத்துவிட்டால் மற்றவரால் நிரூபிக்க முடியாது. ரகசியமாக ஒருத்தியைக் கட்டியவன் ஊரறிய இன்னொருத்தியைக் கட்டலாம்.

இந்த ஓட்டை அரண்மனைக்குள்ளேயே வெடித்தது. படைத்தலைவர் மொன்மொரான்சியின் மூத்த மகன் பிரான்சுவாவுக்குத் தன் மகள் தியானைக் கொடுக்க மன்னர் இரண்டாம் ஹென்றி விரும்பினார். தியான் இளம் விதவை. பையனோ, அரசியின் பணிமகளிரில் ஒருத்தியான ழான் த பியென்னுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டான். என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று இருவரையும் விசாரித்தார்கள். ழானை மடத்தில் வைத்தார்கள். வாக்கிலிருந்து விடுதலை கேட்டு பிரான்சுவா ரோமுக்குப் போனான். போப்பாண்டவர் நான்காம் பவுல் இழுத்தடித்தார். பொறுமையிழந்த மன்னர் 1557 பிப்ரவரியில் சட்டம் போட்டார். (பல நூல்களில் 1556 என்று இருக்கும். அன்று பிரான்சில் புத்தாண்டு ஈஸ்டரில் பிறந்தது.) மே மாதம் பிரான்சுவா தியானை மணந்தான்.

சட்டம் சொன்னது இது: 30 வயதுக்குக் கீழே மகனும் 25 வயதுக்குக் கீழே மகளும் பெற்றோர் சம்மதமின்றி மணந்தால் அவர்களைச் சொத்திலிருந்து விலக்கலாம், கொடுத்த கொடைகளைத் திரும்பப் பெறலாம். அந்த வயதைத் தாண்டினால் ஆலோசனை கேட்டிருந்தால் போதும். கல்யாணம் செல்லாது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

செல்லாததாக்கும் வேலையைச் சபையே செய்யட்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில் பிரெஞ்சுத் தூதர்கள் கேட்டார்கள். 1563இல் சங்கம் பாதிதான் இறங்கி வந்தது. பங்குச் சாமியாரும் (அந்த ஊர்க் கோவிலின் பாதிரியார்) இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை, ஆனால் பெற்றோர் சம்மதம் கட்டாயமில்லை என்றது. இதிலும் ஒரு ஓட்டை: சாமியார் அங்கே இருந்தால் போதும், ஆசீர்வதிக்க வேண்டும் என்றில்லை. அறிஞர் கில்பேர் கோல்மேன், மணம் முடித்துவைக்க மறுத்த சாமியாரின் முன்னாலேயே நின்று, இவளை மனைவியாக ஏற்கிறேன் என்று அறிவித்துவிட்டார். அவர் பெயரிலேயே அப்படிப்பட்ட கல்யாணங்கள் வழங்கலாயின.

1579இல் வந்த, புளுவா என்ற மன்னரின் சட்டம்தான் உண்மையான பூட்டு. மூன்று ஓலை வாசிக்க வேண்டும் (இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார் என்று கோவிலில் மூன்று முறை முன்கூட்டி அறிவிப்பது), நான்கு சாட்சிகள் வேண்டும், பங்குப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதோடு "ராப்ட்" என்ற குற்றம். பழைய பொருளில் அது பலவந்தமாகத் தூக்கிப் போவது. இப்போது ஆசை வார்த்தையால் மனம் மாற்றுவதும் அதில் சேர்ந்தது. 25 வயதுக்குக் குறைந்தவரைப் பெற்றோர் அறியாமல் மணந்தால் மரண தண்டனை வரை போகலாம். "நான் விரும்பித்தான் போனேன்" என்று பெண் சொன்னாலும் குற்றம் குற்றம்தான், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் பறிகொடுத்தது அவள் இல்லை, அவள் அப்பா. பணக்கார வீட்டுப் பையனை ஏழைப் பெண் மணந்தால் குற்றவாளிக் கூண்டில் அவள் நிற்பாள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நடைமுறை இப்படிப் போகும். சபையின் நீதிமன்றம் கல்யாணம் செல்லும் என்கிறது. அப்பா பர்லமானுக்குப் போகிறார். அது சட்டமன்றம் அல்ல, அரசின் உயர் நீதிமன்றம். சபை தன் எல்லையை மீறிவிட்டது என்று முறையிடுகிறார். நீதிபதிகள் ஓலை வாசிக்கப்பட்டதா, சாமியார் சொந்தப் பங்கைச் சேர்ந்தவரா என்று தேடுகிறார்கள். ஒரு குறை அகப்பட்டால் போதும், கல்யாணம் "முறைப்படி நடக்கவில்லை" என்று தீர்ப்பு. இருந்த கட்டை அவிழ்த்ததாக அவர்கள் சொல்வதில்லை. கட்டே விழவில்லை என்பார்கள். 1639இல் பதின்மூன்றாம் லூயி இன்னும் இறுக்கினார்: சாகும்வரை மறைத்து வைத்த கல்யாணத்தின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை இல்லை.

பெண்ணின் மானம் பற்றிக் கேட்டீர்கள். அதே 1557 பிப்ரவரியில் இன்னொரு சட்டமும் வந்தது. கர்ப்பத்தையும் பிரசவத்தையும் மறைத்து, குழந்தை ஞானஸ்நானம் இல்லாமல் இறந்துபோனால், தாயைக் கொலைகாரி என்றே கொண்டு மரண தண்டனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசையில் இதைப் படித்துக் காட்டச் சொல்லிப் பின்னால் ஆணையும் வந்தது. இதற்குப் பயந்து மணமாகாத பெண்கள் உள்ளூர் அதிகாரியிடம் போய்க் கர்ப்பத்தை அறிவித்தார்கள். தன் பெயர், வேலை செய்யும் வீடு, அந்த ஆணின் பெயர், கட்டிக்கொள்வதாகச் சொன்னானா என்று எழுத்தர் பதிந்துகொள்வார். அவமானம்தான். ஆனால் பிரசவச் செலவும் பிள்ளை வளர்க்கப் பணமும் கேட்டு வழக்குப் போட அந்தத் தாள் அவளுக்கு உதவியது. தாள் இல்லாதவளிடம் வலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவச்சி தகப்பன் பெயரைக் கேட்பாள். அந்த நேரத்தில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று நீதிபதிகள் நம்பினார்கள்.