பழைய உத்திரத்தை அறுத்துத் தரை போடுவதில் அப்படி என்ன இருக்கிறது?

"இடித்த வீட்டுத் தேக்கை வாங்கி அறுத்துத் தரைக்குப் போடுகிறார்களே, டைல்ஸ் இருக்கும்போது இதில் ஏன் இவ்வளவு மோகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஓர் அறைக்குப் போட்டிருக்கிறேன். ஒரே ஓர் அறைக்குத்தான்.

திருவல்லிக்கேணியில் தாத்தா வீட்டை இடித்தபோது என் பங்குக்கு 14 உத்திரங்கள் வந்தன. மெட்ராஸ் டெரஸ் வீடு அது. தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டி, உச்சியில் தட்டோடு பதித்திருப்பார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கிய கட்டைகள், சுண்ணாம்பும் சமையலறைப் புகையும் ஏறிக் கறுத்து விறகு போலக் கிடந்தன. "எடைக்குப் போட்டுவிடு" என்றார் சித்தப்பா.

மரம் அறுக்கும் மில்லில் முதல் நிபந்தனையே ஆணி. ஒன்று தப்பினாலும் ரம்பம் போய்விடும், அந்தக் காசு என் தலையில் விழும் என்று சொல்லிவிட்டார்கள். ஆசாரியும் நானும் காந்தத்தைக் கட்டையின் மேல் தடவித் தடவி 2 நாள் ஆணி பிடுங்கினோம். பாதி ஆணிகள் கொல்லர் அடித்த சதுரத் தலை ஆணிகள். முதல் கட்டை ரம்பத்துக்குள் போனதும் மேல்தோல் உரிந்து தேன் நிறம் வந்தது. கூடவே, பதனிட்ட தோலும் எண்ணெயும் கலந்தது போன்ற அந்தத் தேக்கு வாசனை. அத்தனை வருடமும் அது உள்ளேயே இருந்திருக்கிறது. ஆசாரி கை நிறைய மரத்தூளை அள்ளி முகர்ந்துவிட்டு, "இது பர்மா, சார். வைரம் பாய்ந்தது" என்றார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மரம் வீட்டில் எத்தனை வருடம் இருந்தது என்பது பெரிதில்லை; வெட்டும்போதே அதற்கு எத்தனை வயது என்பதுதான் பெரிது. அறுத்த முனையில், வருடத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணிப் பார்த்தேன். ஓர் அங்குலத்தில் 17 இருந்தன. எங்கள் சமையலறை அலமாரிக்கு வாங்கிய தோட்டத் தேக்கில் அதே அங்குலத்தில் 4. காட்டில் நிழலுக்குள் நிதானமாக வளர்ந்த மரத்துக்கும், சீக்கிரம் வளர்த்துச் சீக்கிரம் வெட்டிய மரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. இளமரத்தில் வெள்ளைப் பகுதி அதிகம், கறையானுக்கு அதுதான் விருந்து. நடுவில் முற்றிய வைரப் பகுதியில் இருக்கும் இயற்கைச் சத்துகளைக் கறையான் விரும்புவதில்லை. பர்மா என்ற மியான்மரும் 2014 ஏப்ரலிலிருந்து தேக்கை அறுக்காத உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் காலத்துப் பெருமரம் வேண்டுமென்றால், இடிக்கும் வீடுகளின் உத்திரங்களில்தான் பெரும்பாலும் தேட வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "பழைய மரம் இனி அசையாது" என்பார்கள். நானும் நம்பினேன். மரம் எவ்வளவு பழையதானாலும் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் மட்டும் பெரிதாக மாறாது. சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதைச் சட்டத்தால் மறைத்தோம். வாசற்படி ஓரத்தில் மட்டும் அழகு கெடுகிறது என்று நான்தான் நெருக்கிப் போடச் சொன்னேன். ஐப்பசி மழையில் அங்கே இரண்டு பலகைகள் கூரை போல எழுந்து நின்றன. ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் 14 கன அடி மரம் கொண்டுபோனேன். வெடிப்பு, ஆணித்துளை, ரம்பத் தூள், இழைப்பு எல்லாம் போக, 10-க்கு 12 அடி அறைக்குத்தான் வந்தது. மரம் சும்மா கிடைத்தும் கூலியே கிரானைட் செலவைத் தாண்டிவிட்டது. கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன், பேசாமல் ரெட் ஆக்சைடு தரை போட்டிருப்பேன்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்களில் மரத்தரை போடுவது வீம்பு. எங்களுடையது இரண்டாவது மாடி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரயில் கட்டைகளையும் வாங்காதீர்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய கட்டைகள் படுக்கையறைக்கு ஆகாது. புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, சாயம் பூசிப் பழையது என்று விற்பவர்களும் உண்டு. பலகையின் மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், முனையை அறுத்துக் காட்டச் சொல்லி வளையத்தை எண்ணுங்கள்.

உத்திரத்தை அறுக்கலாம், குற்றமில்லை. ஆனால் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும் செதுக்கு வேலைக் கதவுகளை வாங்கி வந்து பலகையாக்குகிறேன் என்று ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய், பெயர்த்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டிய அந்தச் செட்டிநாட்டு வீட்டின் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்றேன். இதுவரை அவர் திரும்ப அழைக்கவில்லை.